டிசம்பர் 25: சூரியனின் பிறந்தநாள் இயேசுவுக்கு வந்தது எப்படி?

#1 ஈரோட்டுத்தோழன்

ஒவ்வொரு டிசம்பரிலும் வாட்ஸ்அப்பில் சுற்றி வரும் பட்டியல் இந்த ஆண்டும் வந்துவிட்டது. எகிப்தியக் கடவுள் ஹோரஸ், ரோமானியர் வழிபட்ட மித்ராஸ், நம் ஊர் கிருஷ்ணர் என்று வரிசையாகப் பெயர்கள். எல்லோரும் கன்னித் தாய்க்குப் பிறந்தார்களாம், பிறந்தது டிசம்பர் 25ஆம், பன்னிரண்டு சீடர்களாம், செத்து மூன்றாம் நாள் எழுந்தார்களாம். ஆகவே இயேசு என்பதே சூரியக் கடவுளின் கதைக்கு வைத்த வேறு பெயர் என்று முடிகிறது. 2007இல் இணையத்தில் வந்த ஓர் ஆவணப்படத்துக்குப் பிறகு இது ரொம்பவே பரவியது.

நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். கிறிஸ்தவத்துக்குள் சூரிய வழிபாட்டின் தடம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். தேதி, ஞாயிற்றுக்கிழமை, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், கிழக்கு பார்த்த தேவாலயங்கள் எல்லாம் கண்முன் இருக்கின்றன. ஆனால் அரைகுறைத் தகவலை வைத்து வாதாடினால் நம் பக்கம்தான் பலவீனமாகும். படித்தவர்கள் சொல்லுங்கள், இதில் எது நிற்கும், எது நிற்காது?

#2 பாளைவாசி

பட்டியலில் கிருஷ்ணர் பெயரைப் பார்த்ததுமே சந்தேகம் வந்திருக்க வேண்டும் தோழர். தேவகிக்கு அவர் எட்டாவது பிள்ளை. முன்னால் பிறந்தவர்களைக் கம்சன் கொன்ற கதை நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிறந்தது ஆவணியில், தேய்பிறை அஷ்டமியில். இதில் கன்னியும் இல்லை, டிசம்பரும் இல்லை. நமக்கு நன்றாகத் தெரிந்த கதையிலேயே இப்படி என்றால், தெரியாத எகிப்துக் கதையில் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

#3 பழங்காசு

பாளைவாசி சொன்னது சரி. மற்ற இரண்டு பேரையும் பார்த்துவிடுவோம்.

ஹோரஸ் கதையில் கன்னிப் பிறப்பு கிடையாது. கொல்லப்பட்ட கணவன் ஒசைரிஸின் உடலை ஐசிஸ் ஒன்று சேர்த்து, பறவை வடிவில் அதன்மேல் இறங்கிக் கருத்தரிக்கிறாள். எகிப்தின் அபிதோஸில் முதலாம் சேத்தி கட்டிய கோயில் சுவரில் இந்தக் காட்சியைச் செதுக்கியே வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு சீடர், சிலுவை மரணம் எதுவும் எகிப்திய மூலங்களில் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. சூரியன் வடக்கே திரும்பும் குளிர்கால நாளையொட்டி ஐசிஸ் குழந்தை ஹோரஸைப் பெற்றாள் என்று கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் கி.பி. 100ஐ ஒட்டி எழுதியிருக்கிறார். அந்த நாளில் எகிப்தியர்கள் சூரியனைக் குழந்தை வடிவில் வெளியே எடுத்துக் காட்டுவார்கள் என்று ரோமானியரான மக்ரோபியஸும் பிற்காலத்தில் சொல்கிறார். அதாவது, பட்டியலில் உள்ளது பெரும்பாலும் கட்டுக்கதை. ஆனால் குளிர்காலத்தில் குழந்தையாகும் சூரியன் என்ற எண்ணம் பழையதுதான்.

மித்ராஸ் விஷயம் இன்னும் தெளிவானது, ஏனென்றால் இங்கே நிஜமான தொல்லியல் சான்றே ஏராளமாக இருக்கிறது. பல சிற்பங்களில் அவர் பாறையைப் பிளந்துகொண்டு வருகிறார், ஒரு கையில் கத்தி, இன்னொரு கையில் தீவட்டி. பாறையை யாரும் கன்னி என்று சொல்லவில்லை. அவர் செய்யும் முக்கியக் காரியம் காளையைக் கொல்வது. சாவதும் இல்லை, உயிர்த்தெழுவதும் இல்லை. டிசம்பர் 25 மித்ராஸின் பிறந்தநாள் என்று சொல்லும் பழைய கல்வெட்டோ நூலோ ஒன்றுகூட இல்லை. மித்ராஸுக்கு ‘வெல்லப்படாத சூரியன்’ என்ற அடைமொழி உண்டு, ‘வெல்லப்படாதவனின் பிறந்தநாள்’ டிசம்பர் 25 என்று ஒரு நாட்காட்டி சொல்கிறது. இரண்டையும் பிற்காலத்தில் ஒட்டவைத்துவிட்டார்கள்.

காலத்தையும் கவனியுங்கள். ரோமானிய மித்ராஸ் வழிபாட்டுக்கான சான்றுகள் கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசியில்தான் தொடங்குகின்றன. கிறிஸ்தவத் தரப்பில் பவுலின் கடிதங்கள் 50களைச் சேர்ந்தவை, அதாவது அதற்கு முந்தியவை.

#4 ஈரோட்டுத்தோழன்

நன்றி ஐயா. ஆனால் மித்ராஸ் கூட்டத்தாரும் அப்பமும் கிண்ணமும் வைத்துச் சடங்கு செய்தார்கள் என்று கிறிஸ்தவரான ஜஸ்டினே எழுதியிருக்கிறாரே? கி.பி. 155 வாக்கில். பேய்கள் நம் சடங்கைப் பார்த்துக் காப்பியடித்துவிட்டன என்கிறார். ஒப்புமை கண்ணுக்குத் தெரியும்படி இருந்ததால்தானே அப்படி விளக்கம் சொல்ல வேண்டி வந்தது?

#5 பழங்காசு

ஒப்புமை இருந்தது, அதில் சந்தேகமே இல்லை. சிரியாவின் துரா யூரோபோஸ் நகரத்தில் கிறிஸ்தவர்களின் வீட்டு ஆலயமும் யூதர்களின் ஜெப ஆலயமும் மித்ராஸ் கோயிலும் ஒரே கோட்டைச் சுவரை ஒட்டிய தெருவில் இருந்தன. 256இல் அந்த நகரம் அழிந்தபோது மண்ணுக்குள் அப்படியே மூடிக்கொண்டன, அதனால்தான் இன்று நமக்குத் தெரிகிறது. ஒரே தெருவில் குடியிருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமலா இருப்பார்கள்? கூடி உண்பது அன்று எல்லா வழிபாட்டுக் குழுவுக்கும் பொதுவான வழக்கம். அதை வைத்து இவர் அவரிடமிருந்து எடுத்தார் என்று சொல்ல முடியாது.

#6 நூலகத்துமூலை

கிறிஸ்து சூரியன்தான், பன்னிரண்டு சீடர்கள் பன்னிரண்டு ராசிகள்தான் என்ற வாதத்துக்கு வயது 200க்கு மேல். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் சார்ல் பிரான்சுவா துப்புயி என்பவர் 1795இல் பெரிய நூலாகவே எழுதினார். எல்லா மதமும் வானத்துக் கதை என்பது அவர் முடிவு.

அதற்கு வந்த பதிலையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆழான் நகரத்து நூலகர் ழான் பாப்டிஸ்ட் பெரஸ் 1827இல் ஒரு சிறு புத்தகம் போட்டார். நெப்போலியன் என்று ஒருவர் இருந்ததே இல்லை, அவர் சூரியனைப் பற்றிய கற்பனை என்று அதே முறையில் நிறுவிக் காட்டினார். பெயர் அப்பல்லோவைப் போல ஒலிக்கிறது. அம்மா பெயர் லெத்தீசியா, அப்பல்லோவின் அம்மா லேட்டோ. பன்னிரண்டு தளபதிகள் பன்னிரண்டு ராசிகள். பன்னிரண்டு ஆண்டு ஆட்சி பகலின் பன்னிரண்டு மணி நேரம். கிழக்கே எகிப்திலிருந்து எழுந்து வந்து மேற்குக் கடலில் மறைந்தார். அப்போது நெப்போலியன் இறந்து ஆறு ஆண்டுதான் ஆகியிருந்தது, அவரை நேரில் பார்த்தவர்கள் ஊரெல்லாம் இருந்தார்கள்.

பன்னிரண்டு என்ற எண்ணுக்கு இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்கள் பக்கத்திலேயே இருக்கும்போது ராசிமண்டலம் வரை போகத் தேவையில்லை என்பதே என் கருத்து.

#7 பழங்காசு

சரி, இப்போது தேதிக்கு வருவோம். இழையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் ஆதாரமாகக் காட்டப்படுவது 354ஆம் ஆண்டு ரோமில் ஒரு செல்வந்தருக்காகத் தயாரான கையெழுத்துத் தொகுப்பு. எழுதியவர் ஃபிலோகாலஸ் என்ற எழுத்துக் கலைஞர். மூலப் பிரதி தொலைந்துவிட்டது, பிற்காலப் படிகள்தான் கிடைத்தன. அதற்குள் நகரத்தின் பொது நாட்காட்டி இருக்கிறது. டிசம்பர் 25க்கு நேரே ஒரே ஒரு சுருக்கக் குறிப்பு: வெல்லப்படாதவனின் பிறந்தநாள், தேரோட்டப் பந்தயங்கள் 30. சூரியன் என்ற சொல்லே அங்கே இல்லை, ஆனால் அவரைத்தான் குறிக்கிறது என்பதில் பெரும்பாலோருக்கு ஐயமில்லை.

அதே தொகுப்பில், வேறு பக்கத்தில், கிறிஸ்தவத் தியாகிகளின் நினைவுநாள் பட்டியலும் இருக்கிறது. அதன் முதல் வரி: டிசம்பர் 25, யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார். இந்தப் பட்டியலின் அடிப்படை 336ஐச் சேர்ந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள்.

கவனியுங்கள், சூரியனின் பிறந்தநாளுக்கும் கிறிஸ்துவின் பிறந்தநாளுக்கும் நமக்குக் கிடைத்துள்ள ஐயமற்ற முதல் சான்று ஒரே அட்டைக்குள் இருக்கிறது. எது எதைப் பார்த்து வந்தது என்று இதை மட்டும் வைத்துச் சொல்ல வழியில்லை.

பேரரசர் ஆரேலியன் 274இல் ரோமில் சூரியனுக்குப் பெரிய கோயில் கட்டினார், தனிப் பூசாரிக் குழு அமைத்தார். இது உறுதி. அந்தக் கோயிலைத் திறந்தது டிசம்பர் 25இல்தான் என்று எல்லாப் புத்தகத்திலும் எழுதுகிறார்கள். அதற்கு நேரடிச் சான்று கிடையாது. அதே 354 நாட்காட்டியில் சூரியனுக்கான பெரிய விளையாட்டு விழா அக்டோபர் 19 முதல் 22 வரை போட்டிருக்கிறது, கடைசி நாளில் 36 பந்தயம். டிசம்பர் 25ஐவிட அது பெரிய விழா. திருச்சபை சூரிய விழாவை அமுக்க நினைத்திருந்தால் அக்டோபரை ஏன் விட்டது என்ற கேள்வி நியாயமானது.

#8 வானம்பார்த்தவன்

டிசம்பர் 25 ஏன் என்பதற்கு வானியல் பக்கம் ஒரு குறிப்பு. இரவு மிக நீண்டிருக்கும் நாள் இப்போது டிசம்பர் 21 அல்லது 22. ஆனால் ரோமானியப் பாரம்பரியக் கணக்கில் அது டிசம்பர் 25. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி அப்படித்தான் எழுதுகிறார். ஜூலியஸ் சீசரின் நாட்காட்டி ஆண்டை 365¼ நாள் என்று வைத்தது. உண்மையான அளவு அதைவிடச் சற்றுக் குறைவு, அதனால் சுமார் 128 ஆண்டுக்கு ஒரு நாள் விலகும். நான்காம் நூற்றாண்டில் வானத்தில் சூரியன் திரும்பியது டிசம்பர் 21 வாக்கில். ஏட்டில் மட்டும் 25.

நம் பொங்கலுக்கும் இதே கதைதான். தை முதல் நாளில் உத்தராயணம் தொடங்குகிறது என்கிறோம், ஆனால் சூரியன் அதற்கு மூன்று வாரத்துக்கும் முன்பே வடக்கே திரும்பிவிடுகிறது. நட்சத்திரத்தை வைத்துப் போடும் கணக்கில் சுமார் 72 ஆண்டுக்கு ஒரு நாள் விலகல். மகர சங்கராந்தியும் நிஜமான திருப்பமும் ஒன்றாக இருந்தது கி.பி. 285 வாக்கில்.

#9 மறைக்கல்வி டீச்சர்

எங்கள் பங்கில் மறைக்கல்வி எடுக்கிறேன், பிள்ளைகள் இந்தக் கேள்வியை இப்போது ஆண்டுதோறும் கேட்கிறார்கள். அதனால் தேடிப் படித்தேன்.

தேதிக்கு இன்னொரு விளக்கம் உண்டு. பிரெஞ்சு வரலாற்றறிஞர் லூயி துஷேன் 1889இல் முன்வைத்தது. இயேசு சிலுவையில் இறந்தது மார்ச் 25 என்று மேற்கில் ஒரு மரபு இருந்தது, கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் கி.பி. 200 வாக்கிலேயே அந்தத் தேதியைச் சொல்கிறார். இறந்த அதே தேதியில்தான் அவர் தாயின் வயிற்றில் கருவானார் என்றும் நம்பினார்கள். மார்ச் 25உடன் ஒன்பது மாதம் கூட்டினால் டிசம்பர் 25. கிழக்கில் மரண நாளை ஏப்ரல் 6 என்று வைத்தவர்களுக்கு ஜனவரி 6 வரும், அங்கே பிறப்பு விழா அன்றுதான் இருந்தது! மேற்கு, கிழக்கு இரண்டு தேதிக்கும் ஒரே கணக்கு பொருந்துவது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. புனித அகுஸ்தீனாரும் மார்ச் 25இல் கருவானார், அதே நாளில் பாடுபட்டார் என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறார்.

#10 பழங்காசு

டீச்சர், நல்ல வாதம்தான். ஒரே ஒரு இடத்தில் தட்டுகிறது. அகுஸ்தீனார் எழுதியது விழா நிலைபெற்று இரண்டு தலைமுறைக்குப் பிறகு. விழாவைத் தொடங்கும்போதே இந்தக் கணக்கைப் போட்டுத்தான் தேதி வைத்தார்கள் என்று காட்டும் சாட்சி அதற்கு முன்னால் இல்லை. ஏற்கெனவே இருந்த தேதிக்குப் பின்னால் காரணம் தேடியிருக்கவும் வாய்ப்புண்டு.

இன்னொன்று, மார்ச் 25 என்பதே ரோமானியக் கணக்கில் பகலும் இரவும் சமமாகும் நாள். திருமுழுக்கு யோவானின் பிறப்பை ஜூன் 24இல், கோடையில் சூரியன் திரும்பும் நாளில் வைத்தார்கள். ‘அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்’ என்று யோவான் சொன்னதை, ஜூனுக்குப் பிறகு பகல் சிறுகுகிறது, டிசம்பருக்குப் பிறகு பெருகுகிறது என்று அகுஸ்தீனாரே பொருத்திக் காட்டுகிறார். ஆகவே கணக்கு வழியாகப் போனாலும் சூரியனைத் தாண்டிப் போக முடியவில்லை. அவர்கள் மனத்தில் ஆண்டு என்ற வட்டமும் அதைப் படைத்தவரும் சேர்ந்தே இருந்தார்கள்.

#11 ஈரோட்டுத்தோழன்

அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை? கான்ஸ்டன்டைன் 321 மார்ச்சில் போட்ட சட்டத்தில் ‘சூரியனின் வணக்கத்துக்குரிய நாள்’ என்றுதான் இருக்கிறது. கிறிஸ்துவின் பெயரே இல்லை.

#12 பாளைவாசி

சட்டம் 321. ஆனால் கிறிஸ்தவர்கள் வாரத்தின் முதல் நாளில் கூடியது அதற்கு இரு நூற்றாண்டுக்கும் முன்னால் தோழர். முதல் கொரிந்தியர் நிருபத்திலேயே வாரத்தின் முதல் நாள் வருகிறது. நீங்கள் சொன்ன ஜஸ்டினே ‘சூரியனின் நாள் என்று அழைக்கப்படும் நாளில் கூடுகிறோம்’ என்று எழுதுகிறார். இயேசு உயிர்த்த நாள் என்பதுதான் அவர் சொல்லும் காரணம். கடவுள் ஒளியைப் படைத்த முதல் நாள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். கிழமைக்கு ஊரார் வைத்த பெயர் அது. அரசர் செய்தது விடுமுறை விட்டது மட்டும்தான்.

#13 பழங்காசு

விடுமுறைகூட எல்லோருக்கும் இல்லை. நீதிபதிகளும் நகரத்து மக்களும் தொழிலாளர்களும் ஓய்ந்திருக்கட்டும், விவசாயிகள் வயல் வேலையைத் தொடரலாம் என்கிறது அந்தச் சட்டம்.

ஆனால் கான்ஸ்டன்டைனை வைத்து ஈரோட்டுத்தோழன் சொல்வதில் உண்மை இருக்கிறது. என் கையில் அவர் காலத்து வெண்கலக் காசு ஒன்று இருக்கிறது, விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. ஒரு பக்கம் அரசர் தலை. மறுபக்கம் கதிர்முடி சூடிய இளைஞன் நிற்கிறான், வலது கையைத் தூக்கியிருக்கிறான், இடது கையில் உலக உருண்டை. சுற்றிலும் ‘வெல்லப்படாத சூரியனுக்கு, என் துணைவனுக்கு’ என்று இலத்தீனில் எழுத்து. 312 மில்வியன் பாலப் போரில் கிறிஸ்துவின் அடையாளத்தோடு வென்றார் என்கிறோமே, அதற்குப் பின்னும் பல ஆண்டு இந்தக் காசு அச்சாகியது. 330இல் கான்ஸ்டான்டிநோபிளைத் திறந்தபோது நகர நடுவே தூணின்மேல் வைத்த அரசர் சிலைக்கும் கதிர்முடிதான். சூரியனையும் கிறிஸ்துவையும் பிரிக்காமலே ஒரு பேரரசர் இத்தனை காலம் ஓட்டினார் என்றால், சாதாரண மக்கள் மனத்தில் அந்தக் கோடு எவ்வளவு மங்கலாக இருந்திருக்கும்!

#14 பயணப்பை

வத்திக்கானில் பேதுரு பேராலயத்தின் அடியில் பழைய கல்லறைத் தெரு ஒன்று இருக்கிறது, 1940களில் தோண்டினார்கள். அதில் ஜூலியஸ் குடும்பத்தாருக்குரிய சின்னக் கல்லறை. கூரையில் பொன்மஞ்சள் பின்னணியில் திராட்சைக் கொடி படர்ந்திருக்க, வெள்ளைக் குதிரைகள் இழுக்கும் தேரில் ஒருவர் ஏறிப் போகிறார். தலையைச் சுற்றிக் கதிர்கள், கையில் உருண்டை. பழங்காசு சொன்ன காசில் இருப்பவரேதான். ஆனால் அதே அறையின் சுவர்களில் யோனாவை மீன் விழுங்குகிறது, ஒரு மீனவர் தூண்டில் போடுகிறார், நல்ல மேய்ப்பர் ஆட்டைத் தோளில் சுமந்து நிற்கிறார். மூன்றாம் நூற்றாண்டின் கடைசி அல்லது நான்காம் நூற்றாண்டின் தொடக்கம் என்கிறார்கள். பெரும்பாலோர் தேரில் போவது கிறிஸ்து என்கிறார்கள், வெறும் சூரியன்தான் என்பவர்களும் உண்டு.

இதைப் பார்த்துவிட்டு உடனே முடிவுக்குப் போகாதீர்கள். இஸ்ரேலின் பெத் ஆல்ஃபா ஜெப ஆலயத் தரையில் பன்னிரண்டு ராசிகள் சூழ, நான்கு குதிரைத் தேரில் சூரியன் நடுவில் இருக்கிறார். 1928 வாக்கில் வாய்க்கால் வெட்டியபோது கிடைத்தது. திபேரியாவில் உள்ளது இன்னும் பழையது. உருவம் கூடாது என்று இருந்த யூதர்களே தொழுகைக் கூடத்தில் அதைப் பதித்திருக்கிறார்கள் என்றால், அந்தக் காலத்தில் சூரியத் தேர் எல்லோரும் எடுத்தாண்ட பொதுப் படிமம்.

#15 மறைக்கல்வி டீச்சர்

படிமம் வெளியிலிருந்து மட்டும் வரவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மல்கியா நூலில் ‘நீதியின் சூரியன் உதிக்கும், அதின் செட்டைகளின் கீழ் ஆரோக்கியம் இருக்கும்’ என்று வருகிறது. ரோமில் சூரியக் கோயில் எழுவதற்கு ஏறக்குறைய எழுநூறு ஆண்டு முந்திய எபிரேய வாக்கு. லூக்காவில் சக்கரியாவின் பாடலில் ‘உன்னதத்திலிருந்து தோன்றிய அருணோதயம்’ வருகிறது. கிறிஸ்தவ ஆசிரியர் அலெக்சாந்திரியாவின் கிளமெண்ட் கி.பி. 200 வாக்கிலேயே கிறிஸ்துவை நீதியின் சூரியன் என்றுதான் பாடுகிறார்.

சபைத் தலைவர்கள் யாரும் இதை ஒளித்துவைக்கவும் இல்லை. கிறிஸ்தவர்கள் கிழக்கு நோக்கி ஜெபிப்பதைப் பார்த்து, இவர்கள் கும்பிடுவது சூரியனைத்தான் என்று ஊரார் பேசியதைத் தெர்த்துல்லியனே எழுதி மறுக்கிறார். ஐந்தாம் நூற்றாண்டில் திருத்தந்தை முதலாம் லியோ கிறிஸ்து பிறப்பு மறையுரையில் விசுவாசிகளைக் கண்டிக்கிறார்: பேதுரு ஆலயத்தின் படிகளில் ஏறியவர்கள் உள்ளே போகும் முன் திரும்பி நின்று, உதிக்கும் சூரியனுக்குத் தலை வணங்குகிறார்களாம். சூரியனுக்காக அல்ல, சூரியனைப் படைத்தவருக்காக இந்த நாளைக் கொண்டாடுங்கள் என்று அகுஸ்தீனாரும் சொன்னார். விசுவாசிக்கு இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று என் பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

#16 ஈரோட்டுத்தோழன்

லியோ கண்டித்தது என் வாதத்துக்குத்தான் பலம் டீச்சர். நூறு ஆண்டுக்கு மேல் விழா கொண்டாடிய பிறகும் மக்கள் சூரியனை வணங்கினார்கள் என்றால், அந்த விழா சூரியப் பழக்கத்தின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. இயேசு கதையே சூரியக் கதை என்ற பட்டியலை இனி நான் யாருக்கும் அனுப்பப் போவதில்லை, அது நிற்காது. ஆனால் விழாவும் படமும் பேரரசின் சூரிய மரபிலிருந்து வந்தவை என்பதில் நான் மாறவில்லை. பழைய எழுத்தாளர் யாராவது அப்படி நேரடியாகவே சொல்லியிருக்கிறார்களா?

#17 பழங்காசு

ஒன்று உண்டு. 12ஆம் நூற்றாண்டு சிரிய ஆயர் பார் சாலிபியின் நூல் பிரதியில் ஒரு ஓரக்குறிப்பு: டிசம்பர் 25இல் சூரியப் பிறப்புக்கு விளக்கேற்றும் வழக்கம் இருந்தது, கிறிஸ்தவர்களும் அதில் கலந்துகொண்டதால் சபைப் பெரியோர் விழாவை அன்றைக்கு மாற்றினார்கள் என்று. எல்லோரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். ஆனால் அது நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு 800 ஆண்டு பிந்தியது. எழுதியது பின்னால் வந்த யாரோ ஒரு படியெடுப்பாளர். ஜனவரி 6ஐ விட்டுவிட்டு ரோமின் தேதிக்கு மாறியவர்கள்மேல் கிழக்கத்தியருக்கு இருந்த கோபமும் அதில் இருக்கிறது.

#18 பயணப்பை

ஆர்மீனியர்கள் இன்றும் ஜனவரி 6தானே? அவர்கள் ஏன் மாறவில்லை?

#19 பழங்காசு

ரோமின் தேதி கிழக்கே போய்ச் சேர்ந்தது தாமதமாக. கான்ஸ்டான்டிநோபிளுக்கு 380 வாக்கில். அந்தியோக்கியாவில் 386இல் யோவான் கிறிசோஸ்தோம் பிரசங்கிக்கும்போது, இந்த நாள் நமக்குத் தெரியவந்து பத்து ஆண்டுகூட ஆகவில்லை என்கிறார். ஆர்மீனியத் திருச்சபை பிறப்பையும் திருமுழுக்கையும் ஒரே நாளில் கொண்டாடும் பழைய வழக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டது.

ஈரோட்டுத்தோழன் அடுத்துக் கேட்கப் போவதையும் சொல்லிவிடுகிறேன். ஜனவரி 6க்கும் ஒரு எகிப்தியத் தேவி விழா உண்டு. அலெக்சாந்திரியாவில் அந்த இரவு கோரே என்ற தேவி ஏயோன் என்ற காலத் தெய்வத்தைப் பெற்றாள் என்று கொண்டாடினார்கள் என ஆயர் எப்பிபானியஸ் 370களில் எழுதுகிறார். ஆனால் இரண்டாம் நூற்றாண்டு அலெக்சாந்திரிய ஆசிரியர் பசிலிதேஸின் சீடர்களில் சிலர் அதே நாளில் இயேசுவின் திருமுழுக்கைக் கொண்டாடியதைக் கிளமெண்ட் குறிப்பிடுவது கி.பி. 200 வாக்கில். ஜனவரி 6ஐப் பொறுத்தவரை கிறிஸ்தவத் தரப்பின் சாட்சி 170 ஆண்டு மூத்தது. இதற்கு மேல் பேச வேண்டுமென்றால் அதற்கெனத் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.